இயன்முறை மருத்துவப் பாடம் வயல்வெளியையும் பார்க்கட்டும்

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் செல்லும் வழியில், செய்யாற்றங்கரையில் உள்ள ஊர் மாகறல். திருஞானசம்பந்தரின் பாடல் பெற்ற இவ்வூர்த் திருமாகறலீசுவரர் கோயிலுக்கு எலும்பு, மூட்டு நோய்கள் நீங்க வேண்டி வருவோர் உண்டு. வேண்டுதலுக்கு வெளியே, வட தமிழகக் கிராமத்தினர் பலரும் நம்பியிருப்பவை தைலமும் வலி மாத்திரையும்; எலும்பு முறிந்தால் புத்தூர்க் கட்டு. இயன்முறை மருத்துவர் என்பவர் நெடுங்காலம் நகரத்து மருத்துவமனையில் மட்டுமே இருந்தார்.

2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' இந்த நிலையை மாற்றியது. வட்டார அளவில் நியமிக்கப்பட்ட இயன்முறை மருத்துவர்கள் வீடு தேடி வந்தனர். 2024-இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதும் இத்திட்டத்துக்குக் கிடைத்தது. ஆனால், திண்ணையில் அமர்ந்து சிகிச்சை அளிக்கும் அந்த இளைஞருக்கு நம் பல்கலைக்கழகங்கள் எதைக் கற்பித்து அனுப்புகின்றன என்பதை நாம் போதிய அளவு விவாதிக்கவில்லை.

அந்த விவாதத்துக்கு இதுவே தருணம். இணைநிலை, சுகாதாரத் தொழில்சார் பணிகளுக்கான தேசிய ஆணையம் 2025-இல் புதிய பாடத்திட்டத்தை வெளியிட்டது. ஆறு மாதப் பயிற்சியுடன் நாலரை ஆண்டுகளாக இருந்த இளநிலைப் படிப்பு, ஓராண்டுப் பயிற்சியுடன் ஐந்தாண்டுகளாகிறது. கூடுதலாகக் கிடைக்கும் அந்த ஆறு மாதங்களை மாணவர் எங்கே கழிக்கப்போகிறார் என்பதே என் கேள்வி.

மருத்துவமனைக்குள்ளேயே கழிப்பார் என்றால் பயன் குறைவு. அங்கே அவர் முதன்மையாகப் பழகுவது கருவிகளுடன். ஆனால் சாதாரண முதுகுவலிக்கு அல்ட்ராசவுண்ட், மின்தூண்டல் போன்ற சிகிச்சைகளைப் பரிந்துரைக்க வேண்டாம் என்று பிரிட்டனின் 'நைஸ்' அமைப்பு 2016-லேயே வழிகாட்டியது. உடலை இயங்க வைப்பதும், அச்சத்தைப் போக்குவதும், வேலைக்குத் திரும்பச் செய்வதுமே இன்றைய அறிவியல் முன்வைக்கும் வழி. உலகில் 2020-இல் 61.9 கோடிப் பேருக்கு முதுகுவலி இருந்தது. 2050-இல் இது 84.3 கோடியாகும் என்பது கணிப்பு. இத்தனை பேரையும் கருவிக்கு முன் படுக்க வைக்க எந்த நாட்டாலும் இயலாது.

வேலைக்குத் திரும்பச் செய்வது என்றால், முதலில் அந்த வேலை என்னவென்று தெரிய வேண்டும். நாற்று நடும் பெண் மணிக்கணக்கில் இடுப்பை வளைத்தே நிற்கிறார். காஞ்சிபுரம் குழித்தறி நெசவாளர் பள்ளத்தில் காலை விட்டு, மிதிகட்டையை மிதித்தபடி நாள் முழுவதும் அமர்ந்திருக்கிறார். 'குனியாதீர்கள், ஓய்வெடுங்கள்' என்ற அறிவுரையைக் கேட்டால் அவர்கள் அன்றைய கூலியை இழப்பார்கள். எந்த அசைவு எந்தத் தசையை எவ்வளவு சோர்வடையச் செய்கிறது, இடையில் எத்தனை நிமிடம் நிமிர்ந்து நின்றால் போதும், வலுவூட்டும் பயிற்சியை வேலைக்கு இடையே எப்படிச் செய்வது என்பதையெல்லாம் வரப்பிலும் தறிமேடையிலும் நின்று பார்த்தால்தான் கற்க முடியும்.

இன்னொன்று, உயிர் தொடர்பானது. 2021-ஆம் ஆண்டுச் சட்டம், இயன்முறை மருத்துவர் தனித்தும் பணிபுரியலாம் என்கிறது. கிராமத்தில் அவரே முதுகுவலிக்காரரைப் பரிசோதிக்கும் முதல் ஆளாக இருக்கக்கூடும். முதுகெலும்புக் காசநோயும் புற்றுநோயும் முதலில் வெறும் முதுகுவலியாகவே தோன்றலாம். இரவில் கூடும் வலி, மாலைக் காய்ச்சல், எடைக் குறைவு, கால் மரத்துப்போதல், சிறுநீர் கட்டுப்பாட்டை இழத்தல் ஆகியவற்றைக் கேட்டறிந்து உடனே மேல்சிகிச்சைக்கு அனுப்பத் தெரியாதவர் கையில் அச்சட்டம் தரும் உரிமை ஆபத்தானது. காசநோய் மலிந்த நம் நாட்டில் இது ஒரு தாளின் ஒற்றைக் கேள்வியாகச் சுருங்கிவிடக் கூடாது. 2025 செப்டம்பரில், பெயருக்கு முன் 'டாக்டர்' என்று போடலாமா என்பதில் எழுந்த சர்ச்சையில் செலவான ஆற்றலில் பாதியையாவது இதற்குச் செலவிட்டிருக்கலாம்.

தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் இதில் முன்னோடியாகலாம். பயிற்சி ஆண்டில் மூன்று மாதங்களேனும் வட்டார ஆரம்ப சுகாதார நிலையத்தோடு மாணவர்களை இணைத்து, மூத்த இயன்முறை மருத்துவரின் மேற்பார்வையில் வீடுகளுக்கு அனுப்ப வேண்டும். அந்த மேற்பார்வைக்கு உரிய பணியிடங்களையும் ஊதியத்தையும் அரசு உறுதிசெய்ய வேண்டும்; இல்லையெனில் மாணவர்கள் ஊதியமில்லா ஊழியர்களாகிவிடுவர். செய்முறைத் தேர்வில் ஒன்றையாவது, கருவி ஏதுமின்றி, நோயாளியின் வீட்டிலோ வேலையிடத்திலோ நடத்த வேண்டும்.