இசையரங்கும் புகைப்படக் கருவியும்

பாட்டுக் கேட்கச் சென்றவர் பாட்டைக் கேளாது படம் பிடித்துத் திரும்புதல் இக்காலத்து வழக்கமாகிவிட்டது. கல்லூரி விழாவில் மாணவர் கூடிக் கிதாரும் டிரம்முங் கொண்டு ராக் இசை முழக்கும் இரவாயினும் ஆகுக. விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்துச் சிற்றூர்களில் திரௌபதி அம்மன் திருவிழாவை முன்னிட்டு விடியுமளவும் நிகழும் தெருக்கூத்தாயினும் ஆகுக. மேடைக்கு முன் நாம் முதலிற் காண்பது உயர்த்திப் பிடித்த கைகளையும் அக்கைகளிற் சுடர்விடும் கைபேசிகளையுமே. கலைஞரின் முகம் அவற்றின் இடுக்கிலே எங்கோ தெரிகின்றது. இதைக் குறித்துச் சில சொல்ல விரும்புகின்றோம். படம் பிடித்தலே தகாது என்று கூற நாம் முன்வரவில்லை. பிடிக்கும் முறையிற் குறையுண்டு. அதனினும், படத்தால் விளையும் பயனெல்லாம் பிடித்தவரையே சேர, ஆடியவரும் பாடியவரும் வெறுங்கையராய்ப் போவது நீதியாகத் தோன்றவில்லை.

ராக் இசையையும் தெருக்கூத்தையும் ஒரே மூச்சிற் பேசுவது வாசகருட் சிலர்க்கு நகைப்பை விளைக்கலாம். ஒன்று மேனாட்டிற் பிறந்து மின்சாரத்தால் வளர்ந்தது; மற்றொன்று நம் ஊர் மண்ணிலே பாரதக் கதையைப் பற்றிக்கொண்டு தழைத்தது. எனினும் படம் பிடிப்போனுடைய கண்கொண்டு நோக்கின் இரண்டும் உடன்பிறந்தனவாகவே காணப்படும். இரண்டும் பெரும்பாலும் இரவில் நிகழ்வன; பேரொலியுடையன; ஓரிடத்தில் நில்லாது துள்ளுவனவும் சுழலுவனவுமான உடல்களை உடையன. கேட்போர் கைகட்டி வீற்றிராமல் எழுந்து ஆரவாரிக்கும் இயல்பும் இரண்டிற்கும் பொது. மேலும், 2018 ஜனவரி 6-இல் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் முதன்முதல் மேடையேறிய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்னுங் குழுவினர் பறையையும் கானாப் பாட்டையும் கிதாரோடும் டிரம்மோடும் ஒருங்கே வைத்துப் பாடினரன்றோ? அதன் பின்னும் இவ்விரண்டிற்கும் நடுவே உயர்ந்த மதிலொன்று உண்டென வாதிப்பார் சிலரே.

புகைப்படக் கலை சென்னை மாகாணத்திற் புகுந்த நாளில் இத்தகைய படங்கள் எடுத்தற்கு வழியே இல்லை. 1858-ஆம் ஆண்டில் லின்னேயஸ் டிரைப் என்னும் ஆங்கிலேயர் மதுரை, தஞ்சை முதலிய ஊர்களின் கோவில்களைப் படமெடுத்தார். அவர் கையாண்ட காகித நெகடிவ்கள் ஒளியை மிக மெதுவாகவே ஏற்பன. ஆகவே கற்றூணும் கோபுரமும் அவற்றிற் செவ்வையாகப் பதிந்தன. நடமாடுவோர் பதியாது மறைந்தனர், அன்றேல் ஆவி போற் கலங்கித் தோன்றினர். அசைவதைப் பிடிக்க வேண்டுமாயின் ஒளி மிகுதியாதல் வேண்டும், அல்லது பிலிம் விரைவில் ஏற்பதாதல் வேண்டும். இன்றோ, மங்கிய மேடை விளக்கிலும் ஒரு விநாடியை 250 கூறாக்கி அதில் ஒரு கூற்றிலே துள்ளும் காலை அந்தரத்தில் நிறுத்திவிடுங் கருவிகள் மாணவர் கையிலே விளையாடுகின்றன. கருவி வளர்ந்த அளவு அதைக் கையாளும் ஒழுங்கு வளர்ந்ததா என்பதே வினா.

ராக் இசைப் படங்களுட் பெயர்பெற்ற ஒன்றன் வரலாறு நம் மாணவர்க்கு உவப்பளிக்கும். 1967 ஜூன் 18-இல் அமெரிக்காவில் மான்டரே என்னும் ஊரில் நிகழ்ந்த இசை விழாவில் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் தம் கிதாரை மேடையிலேயே தீயிட்டுக் கொளுத்தினார். அக்காட்சியை மேடை ஓரத்திலிருந்து பிடித்த எட் காரெஃப் என்பவர்க்கு அப்போது வயது 17, பள்ளி மாணவர். ஒரு சுருளில் 36 படங்களுக்கு மேல் இடமில்லாத காலம் அது. எண்ணிச் செலவிட வேண்டியிருந்தமையால், பிடிப்போன் பிடிக்குமுன் பார்க்க வேண்டியிருந்தது, கேட்க வேண்டியிருந்தது, பாட்டு எவ்விடத்தில் உச்சியை எட்டும் என்று முன்னரே உணர வேண்டியிருந்தது. அதற்கு ஈராண்டு பின், 1969 ஆகஸ்டில், உட்ஸ்டாக் விழாவில் ஏறத்தாழ நான்கு லட்சம் மக்கள் திரண்டபோது, பேரன் உல்மன் என்னும் புகைப்படக்காரர் மேடையை விட்டுத் திரும்பிச் சேற்றிலும் மழையிலும் கிடந்த கூட்டத்தையே மிகுதியாகப் படமெடுத்தார். அவ்விழா எத்தன்மையது என்பதை இன்று நாம் அறிவது அப்படங்களாலுமன்றோ? கூட்டமும் நிகழ்ச்சியின் ஒரு பகுதியே என்னும் உண்மை நம் கூத்துக் களத்தைப் படமெடுக்கச் செல்வோரிற் பலர்க்கு இன்னும் புலப்படவில்லை. பாயை விரித்துக் குழந்தையைத் துயிலவிட்டுத் தாம் விழித்திருக்கும் தாய்மாரை எவர் படமெடுக்கின்றனர்?

மேனாட்டு ராக் அரங்குகளில் ஒரு வழக்கம் வேரூன்றியிருக்கின்றது. மேடைக்கும் கூட்டத்தைத் தடுக்கும் வேலிக்கும் இடையே ஒடுங்கிய சந்து ஒன்று விட்டிருப்பர். அனுமதி பெற்ற புகைப்படக்காரர் அச்சந்தில் நின்று முதல் மூன்று பாட்டுக்கள் முடியுமட்டும் படமெடுக்கலாம். பிளாஷ் விளக்கைப் பயன்படுத்தல் கூடாது. மூன்றாம் பாட்டு முடிந்ததும் வெளியேறிவிட வேண்டும். இவ்விதியைக் குறை கூறுவோரும் உளர். முதன் மூன்று பாட்டில் பாடகர்க்கு வேர்வைகூட அரும்பாது, உண்மையான கனல் பின்னரே மூளும், அப்போது காமிராவைப் பையிலிட்டு வெளியே நிற்பதோ என்று அவர்கள் வருந்துவதில் நியாயமுண்டு. எனினும் பாடுவோர்க்கும் கேட்போர்க்கும் உரிய பொழுதைப் படம் பிடிப்போர் முற்றும் விழுங்கிவிடாமல் ஒரு வரம்பு கட்டப்பட்டிருக்கின்றது. அவ்வரம்பு நம்மிடம் எங்கும் இல்லை.

தெருக்கூத்துக்கு மூன்று பாட்டென்னும் கணக்குப் பொருந்தாது என்பதை நாம் அறிவோம். ஒவ்வொரு வேடத்தின் வருகையும் ஒரு தொடக்கம். இருவர் திரையைப் பிடித்து நிற்க, அதன் பின்னே வேடம் பூண்டவர் பாடித் தம் பெருமையை உணர்த்த, கட்டியக்காரன் வினவ, மத்தளம் ஓங்க, முடிவிலே திரை விலக, கிரீடமும் புஜகீர்த்தியும் ஒளிரச் சுழன்று வெளிப்படும் அக்கணத்திற்காகவே ஊரார் கண்விழித்துக் காத்திருப்பர். அக்கணத்திலேதான் கைபேசிகள் எழுகின்றன. திண்டிவனத்தை அடுத்த சிற்றூர் ஒன்றிற் கூத்துப் பார்க்க நாம் சென்றிருந்த இரவில், திரௌபதி வேடம் பூண்ட முதியவர் திரை விலகியதும் எதிரிற் பளிச்சிட்ட விளக்குகளாற் கண் கூசிக் கையால் முகத்தை மறைத்தார்; அடவு ஒன்று தவறிற்று. மத்தளக்காரர் அதைத் தாளத்தால் மூடி அவரை மீட்டுக்கொண்டார். படம் பிடித்த இளைஞர் அதனைக் கவனித்ததாகவே தெரியவில்லை. பிடித்த படத்தைத் திரையில் உருட்டிப் பார்த்துக்கொண்டிருந்தனர்.

இங்கே பௌதிக நூல் பயிலும் நண்பர்க்கு ஒரு வார்த்தை. தொலைவு இரு மடங்காயின் ஒளி நாலில் ஒன்றாகக் குறையும் என்பது வகுப்பிற் படித்ததே. கைபேசியின் சிறு பிளாஷ் ஆறேழு அடிக்கு அப்பால் நன்றாக ஒளியூட்டாது. முப்பதடி தொலைவில் அமர்ந்து அதனைத் தட்டுவதால் முன்னிருப்பவரின் பிடரி வெளுத்துத் தோன்றுமேயன்றி, மேடையிலிருப்பவர் முகத்திற் கடுகளவும் வெளிச்சம் ஏறாது. ஆயினும் ஆடுவோர் கண்ணில் அது முள்ளாய்த் தைக்கும். பயனில்லாத தீமை என்பதற்கு இதனினுஞ் சிறந்த எடுத்துக்காட்டைத் தேடிக் காண்டல் அரிது. தீப்பந்த ஒளியிலும் பின்னர்ப் பெட்ரோமாக்ஸ் விளக்கொளியிலும் நிகழ்ந்த கூத்து இன்று மின்விளக்கின் கீழ் நிகழ்கின்றது; நல்ல காமிராவுக்கு அவ்வொளியே போதும். போதாதாயின் படம் சற்று மங்கலாக இருந்துவிட்டுப் போகட்டும்.

இனிச் சட்டம் யாது கூறுகின்றது என்று பார்ப்போம். 1957-ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் கலை நிகழ்த்துவோர் உரிமை என்பதொன்று உண்டு. 1994-இல் வந்த திருத்தம் அதனைப் புகுத்திற்று; 2012-இல் வந்த திருத்தம் அதனை வலுப்படுத்திற்று. நடிகர், பாடகர், வாத்தியக்காரர், நாட்டியமாடுவோர், கழைக்கூத்தர் மட்டுமின்றிப் பாம்பாட்டியையும் சொற்பொழிவாளரையுங்கூட அச்சட்டம் ஒரே வரிசையில் வைத்திருக்கின்றது. (சொற்பொழிவாளரைப் பாம்பாட்டிக்கு அருகே அமர்த்தியவர் கல்லூரிகளை நன்கு அறிந்தவர் போலும்.) நிகழ்ச்சியை ஒலியாகவோ ஓடும் படமாகவோ பதிவு செய்யும் உரிமை நிகழ்த்துவோர்க்கு உரியது, அது 50 ஆண்டு நிலைக்கும். தன் சொந்த உபயோகத்திற்காகவும், பாடம் சொல்லுதற்கும் ஆராய்ச்சிக்கும் பதிவு செய்வோர்க்கு விலக்குண்டு. ஆயின், இப்பாதுகாப்பு அசையும் படத்தைப் பற்றியதே. அசையாப் படமாகிய புகைப்படத்தில் நிலைமை வேறு. அதன் உரிமை, பொதுவாக, பிடித்தவர்க்கு அவர் ஆயுட்காலம் முழுவதும் சென்று, அவர்க்குப் பின்னும் 60 ஆண்டு தொடர்கின்றது. இரவெல்லாம் தொண்டை வரளப் பாடியவர் தம் முகம் தாங்கிய படத்தின் ஒரு பிரதியைக் கேட்டுப் பெறுதற்குங்கூட அப்பதிப்புரிமையில் இடமில்லை. சட்டம் விட்ட இவ்விடத்தை நம் நாகரிகமே நிரப்ப வேண்டியிருக்கின்றது.

இது வெற்றுச் சொல்லன்று. செஞ்சியையும் அதனருகே உள்ள மேலச்சேரித் திரௌபதி கோவிலையும் முதலாகக் கொண்டு ஆல்ஃப் ஹில்டிபைடல் என்னும் அமெரிக்க அறிஞர் எழுதிய பெருநூல் 1988-இல் வெளிவந்தது. அவரைப் போன்றார் ஊர் ஊராய்ச் சென்று, பல இரவுகள் அமர்ந்து, கேட்டு எழுதினர். அண்டை வீட்டாராகிய நாமோ அரை நாழிகை நின்று பத்துப் படம் பிடித்துப் பேருந்தேறுகின்றோம். அப்பத்தும் கிரீடமணிந்த வேடக்காரர் படங்களே. பின்னே விசுப்பலகையில் அமர்ந்து ஆர்மோனியமும் மத்தளமும் முகவீணையும் தாளமும் இசைத்து, பின்பாட்டும் பாடி, கூத்தை விடியுமட்டும் தூக்கி நிறுத்துவோர் எந்தப் படத்திலும் இல்லை. ராக் குழுவிலும் இதே கதைதான். பாடகர்க்கும் கிதார்க்காரர்க்கும் நூறு படங்கள். டிரம் முழக்குபவர் தம் கருவிகளின் பின்னே புதைந்து கிடக்கின்றார். முகவீணை வாசிப்போர் தொகை சுருங்குகின்றதென்று கூத்தறிந்தோர் வருந்துகின்றனர். காற்றை அடக்கி ஊதுங்கால் ஒரு கிழவருடைய கன்னம் எவ்வாறு புடைக்கின்றது, துளைகளின்மேல் விரல் எவ்வாறு அமைகின்றது என்பவற்றைக் காட்டும் ஒரே ஒரு தெளிந்த படம், கிரீடம் தாங்கிய படங்கள் ஆயிரத்தினும் வரலாற்றுக்கு உதவும் என்று நாம் துணிந்து கூறுவோம்.

படக்கருவியையே களத்தில் நுழையவிடாது தடுத்துவிட்டால் என்ன என்று கேட்கும் பெரியோர் நம்மிடையே உளர். அவர்கள் சினம் காரணமற்றதன்று. சித்திரைத் திங்களிற் கூவாகத்துக் கூத்தாண்டவர் விழாவை ஒட்டித் திருநங்கையர் விழுப்புரத்திற் கூடுங் காலத்தில், அவர்கள் பாடுவதையும் ஆடுவதையும் பார்ப்பவரினும் அவர்களைத் துரத்திப் படமெடுப்போர் தொல்லையே பெரிதாயிருக்கின்றது. தாலியறுத்து அழும் நேரத்திலும் முகத்திற்கு நேரே கருவியை நீட்டுதல் கல்நெஞ்சரும் நாணத்தக்க செயல். எனினும் முழுத் தடையை நாம் ஒப்போம். எழுத்திலும் ஏட்டிலும் பெயர் ஏறாத கலைஞர்க்குப் புகைப்படமே சில வேளை எஞ்சிநிற்குஞ் சான்று. தடுத்தல் எளிது, இழந்ததை மீட்டல் அரிது.

ஆதலின் எதிர்வரும் நம் கல்லூரி விழாவிலேயே ஒரு முறையைத் தொடங்கிப் பார்க்கலாமென விழாக் குழுவினர்க்கு விண்ணப்பஞ் செய்துகொள்கின்றோம். மேடைக்கு முன் ஆறடி அகலத்தில் ஒரு கயிறு கட்டப்படட்டும். ஒவ்வொரு குழுவிற்கும் மாணவர் இருவர் மட்டும், பிளாஷின்றி, முதல் மூன்று பாட்டு வரையில் அக்கயிற்றின் உள்ளே நின்று படமெடுக்கட்டும். கூத்துக்கு வரும் குழுவினரிடம் முன்னதாகவே வாத்தியாரைக் கண்டு, எவ்வெப்போது எடுக்கலாம், எப்போது கூடாது என்று கேட்டறிந்து, திரை விலகிய பின் சிறிது பொழுது எடுத்து, மீண்டும் அமர்ந்துவிடட்டும். பின்வரிசையில் வாசிப்போரைத் தவறாது எடுக்கட்டும். பதினைந்து நாளுக்குள் நல்ல படங்களைக் காகிதத்திற் பெரிதாக அச்சிட்டு, ஒவ்வொன்றன் பின்புறத்திலும் அதிற் காணப்படுவோர் பெயரையும், வாசித்த கருவியையும், ஊரையும், நாளையும் எழுதி, ஒரு தொகுதியைக் குழுவினர்க்கும் மற்றொன்றைக் கல்லூரி நூல்நிலையத்திற்கும் அனுப்பட்டும். கைபேசியில் அனுப்பினாற் போதாதோ என்பார்க்கு விடை: அக்கருவி மூன்றாண்டிற் பழுதாகும், சுவரில் மாட்டிய படத்தைப் பேரனும் பார்ப்பான். பழைய மாணவருள் விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் ஸ்டூடியோ வைத்திருப்போர் அச்சுக் கூலியிற் சலுகை காட்டுவாராயின் நன்று. அன்றேனும், சிறப்பு விருந்தினர்க்குப் பொன்னாடைக்கும் பூமாலைக்கும் ஆண்டுதோறும் நாம் செலவிடும் தொகையிற் பாதி இதற்குப் போதும்.