ரேகை விழாத விரல்

போன வாரம் இரணியல் பக்கம் ஒரு ரேஷன் கடை. எனக்கு முன்னால் நின்ற அக்காவின் விரலை இயந்திரம் ஏற்க மறுத்தது. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், சேலையில் துடைத்துவிட்டு மறுபடியும் கட்டைவிரல். "அண்டி ஆபீஸ் கையாக்கும், அதுக்குப் பிடிக்காது" என்று சிரித்தார்.

அண்டி ஆபீஸ் என்றால் முந்திரி ஆலை. வெளியூர்க்காரர்கள் அங்கே மேசை நாற்காலியைத் தேட வேண்டாம்.

முந்திரி ஓட்டுக்குள் இருக்கும் எண்ணெய் தோலைப் பொசுக்கிவிடும்; அனகார்டிக் அமிலமும் கார்டாலும் செய்கிற வேலை. சேராங்கொட்டையும் இதே குடும்பம்தான். சேரு மரத்தடியில் ஒதுங்கவே நாம் யோசிப்போம். அதன் பங்காளியை நாளெல்லாம் உடைக்கிறவர்கள் விரலில் கொஞ்சம் சாம்பல் தொட்டுக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். டிரம்மில் வறுத்தபோது புகை கண்ணைக் கரித்தாலும் எண்ணெயில் ஒரு பங்கு எரிந்துபோகும். ஆவியில் வேகவைக்கத் தொடங்கியபின் புகை குறைந்தது. எண்ணெய் ஓட்டிலேயே தங்கிவிட்டது.

"கையுறை போடலாமே அக்கா?"

"போட்டா வேகம் வராது மக்களே. கிலோவுக்குத்தானே கூலி. பருப்பு உடைஞ்சா அதுக்கு வேற பேச்சு கேக்கணும்."

அவருக்கு ஆபத்து என்றால் உடைசல்தான். கை கறுப்பது ஆபத்தில் சேராது.

ஆனால் மணவாளக்குறிச்சியை நினைத்தால் அவருக்குப் பயம். அந்தப் பக்கமிருந்து மகளுக்கு வந்த சம்பந்தத்தை "அந்த மண்ணு ஆகாது" என்று தள்ளிவிட்டாராம். அங்கே மணலில் மோனசைட்டும் அதில் தோரியமும் இருப்பது உண்மை. அதே வகை மணல் உள்ள கேரளத்துக் கருநாகப்பள்ளியில் பல்லாண்டு நடந்த ஆய்வு, இயற்கைக் கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை என்று 2009இல் சொன்னது. கடற்கரை ஊர்களில் அதை எல்லாரும் ஒப்புக்கொள்ளவில்லை. அந்த வாதம் நடக்கட்டும். இந்த எண்ணெயைப் பற்றி வாதமே எழவில்லை என்பதுதான் எனக்கு உறுத்தல்.

2025 வரை நடப்பிலிருந்த 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் வேதிப்பொருள் பட்டு வரும் தோல் நோயும் இருந்தது. வைத்தியம் பார்க்கும் டாக்டர் தலைமை ஆய்வாளருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும் என்றது அந்தச் சட்டம். எழுதலாம், அதற்கு முதலில் யாராவது டாக்டரிடம் போக வேண்டுமே. பழகிப்போன கையை யார் கொண்டுபோய்க் காட்டுவார்கள்?

கடைசியில் இடதுகைச் சுண்டுவிரலை வைத்தார். பச்சை விளக்கு எரிந்தது.

"இந்த ஒண்ணுக்குத்தான் அங்க வேலை இல்ல" என்று சொல்லிவிட்டு அரிசிப் பையை இடுப்பில் ஏற்றினார்.