சைலன்சரை அறுப்பவர்களும் ஏட்டைத் திருத்துபவர்களும்

'மீட்டெடுத்தல்' என்ற நல்ல சொல்லொன்று கெட்டுக்கொண்டிருக்கிறது. பழைய யமஹா ஆர்.எக்ஸ். 100 ஒன்றை எங்கிருந்தோ வாங்கி, அடியோடு பிரித்து, பாகங்களில் பாதியைப் பழைய இரும்புக் கடைக்கு அனுப்பி, மீதிக்குக் கண்ணைப் பறிக்கும் பெயிண்டடித்து, குரோமியம் பூசி, சைலன்சரை அறுத்து, புது வண்டியின் விலைக்கும் மேலாக ஒரு விலை சொல்லி விற்கிறவர் தாம் செய்த காரியத்துக்கு வைத்திருக்கும் பெயர் அது. இந்த வியாபாரத்தோடு எங்களுக்குச் சண்டை உண்டு. அதை ஓர் இலக்கியப் பக்கத்தில் வைத்துக்கொள்வதற்குக் காரணமும் உண்டு. அதற்குப் பிறகு வருகிறோம்.

ராதாபுரம் வட்டாரத்தில் நாங்கள் ஐந்தாறு பேர். ஒருவருக்குக் காற்றாலைப் பராமரிப்பு வேலை, ஒருவருக்குப் பலசரக்குக் கடை, இதை எழுதும் கைக்குக் கல்லூரியில் தமிழ் கற்பிக்கும் உத்தியோகம். எங்களைச் சேர்த்து வைத்திருப்பது பழைய ஜப்பானிய என்ஜின்கள். வெளிநாடுகளில் இந்தப் பித்துக் கொண்டவர்கள் டாட்சன் 240 இசட், மஸ்டா ரோட்ஸ்டர் என்று ஸ்போர்ட்ஸ் கார்களைக் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். நம் நாட்டின் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் அவற்றை நம் தெருவுக்குள் வரவிடவில்லை. நமக்கு வாய்த்தவை இரண்டு சக்கரத்தில் வந்தன. 1983இல் எஸ்கார்ட்ஸ் நிறுவனம் யமஹாவின் ஆர்.டி. 350ஐ ராஜ்தூத் 350 என்று பெயரிட்டுக் கொண்டுவந்தது. 1984இல் ஓசூரிலிருந்து இண்ட்-சுசுகி வந்தது. 1985இல் வந்த ஆர்.எக்ஸ். 100 பதினொரு ஆண்டுகள் விற்பனையில் இருந்தது. 98 சி.சி., 11 குதிரைசக்தி, நூறு கிலோவை ஒட்டிய எடை. சாதாரணச் சம்பளக்காரன் தொட முடிந்த ஸ்போர்ட்ஸ் வண்டி அதுதான்.

முதலில் எதிர்தரப்புக்கு உரியதைக் கொடுத்துவிடுவோம். இரண்டு ஸ்ட்ரோக் என்ஜின் புகைக்கும். உள்ளே வந்த பெட்ரோலில் ஒரு பங்கை எரிக்காமலே வெளியே தள்ளும். மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் அதைச் சந்தையிலிருந்து அப்புறப்படுத்தியதில் பிழை இல்லை. அன்றாடம் வேலைக்குப் போக நாங்களும் வேறு வண்டிதான் ஓட்டுகிறோம். ஆகவே 'அந்தக் காலம்போல் வருமா' என்கிற புலம்பலை இங்கே எதிர்பார்க்க வேண்டாம். எஞ்சியிருப்பவற்றை எப்படி வைத்துக்கொள்வது என்பது மட்டுமே கேள்வி.

சைலன்சரிலிருந்து தொடங்கலாம். இரண்டு ஸ்ட்ரோக் வண்டியில் சைலன்சர் என்பது சத்தத்தை அடக்கும் குழாய் மட்டும் அன்று. அது என்ஜினின் ஓர் உறுப்பு. வாயு வெளியேறும் வழியில் வால்வு இல்லாத என்ஜின் இது. எரிந்த வாயு வெளியேறும் துவாரம் திறந்திருக்கும்போதே புதிய கலவையும் உள்ளே வருகிறது. வந்த வேகத்தில் அதில் கொஞ்சம் வெளியேயும் ஓடிவிடப் பார்க்கும். குழாயின் கடைசியில் குறுகும் பகுதியில் மோதித் திரும்பும் அழுத்த அலை, துவாரம் மூடுவதற்குச் சற்று முன்பாக அந்தக் கலவையை மறுபடி சிலிண்டருக்குள் தள்ளுகிறது. குழாயின் நீளமும் அகலமும் இந்தக் கணக்குக்காக அளந்து வைக்கப்பட்டவை. அதை அறுத்துவிட்டு, வரும் இரைச்சலை 'பவர்' என்று நம்பி ஊர்வலம் போகிறவர் தம் வண்டியின் பலத்தைத் தாமே குறைத்துக்கொண்டு, பள்ளிக்கூட வாசலிலும் மருத்துவமனை வாசலிலும் நம் காதையும் கெடுக்கிறார். அவர் செய்திருக்கவேண்டியது, பின்பக்கத் திருகைக் கழற்றி, உள்குழாயை உருவி, படிந்த கரியைச் சுரண்டித் திரும்ப மாட்டுவது. அரைமணி நேர வேலை. படம் எடுத்துப் போட அதில் ஒன்றும் இல்லை என்பதுதான் சிக்கல்.

அடுத்தது ரீபோர். வண்டி இழுக்கவில்லையா, புகைக்கிறதா, ஆக்சிலேட்டரை விட்டபிறகும் கத்துகிறதா, எல்லாவற்றுக்கும் ஒரே மருந்தாக 'போர் போட்டுடலாம்' என்கிறார்கள். ஆர்.எக்ஸ். 100இன் சிலிண்டர் விட்டம் 50 மில்லிமீட்டர். ஒவ்வொரு ரீபோருக்கும் கால் மில்லிமீட்டர் போல உலோகம் கடையப்பட்டு அதற்கேற்ற பெரிய பிஸ்டன் போடப்படுகிறது. சில முறைக்கு மேல் அந்தச் சிலிண்டர் தாங்காது. தேவையில்லாமல் போட்ட ஒவ்வொரு போரும் திரும்பி வராத ஆயுள். மேற்சொன்ன நோய்களில் பலவற்றுக்குக் காரணம் கிராங்கின் இருபக்கமும் இருக்கும் சிறிய ரப்பர் வளையங்கள். மேக்னெட் பக்கத்து ஆயில் சீல் தேய்ந்தால் வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படும். கலவையில் பெட்ரோல் குறைந்து, கையை விட்ட பிறகும் வேகம் இறங்காது. கிளட்ச் பக்கத்துச் சீல் போனால் கியர் ஆயில் உறிஞ்சப்பட்டு வெண்புகை வரும். கியர் ஆயிலின் அளவும் இறங்கிக்கொண்டே போகும். எங்களுக்கு இவற்றைக் கற்றுத்தந்த பட்டறைக்கார அண்ணாச்சி எந்த வண்டியையும் உடனே பிரித்ததில்லை. "புகை என்ன நெறம்னு பாருங்க சார், எப்பம் வருதுன்னு பாருங்க. ஸ்பானர அதுக்குப் பெறகு எடுக்கலாம்" என்பார். பிளக்கைக் கழற்றி அதன் முனையின் நிறத்தை வெளிச்சத்தில் பார்ப்பார். காபிப்பொடி நிறம் என்றால் நலம். வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை. கறுத்து ஈரமாக இருந்தால் பெட்ரோலோ ஆயிலோ மிகுதி. இந்த வரிசையில் நோய் நாடிப் பழகியவர்கள் எங்கள் பக்கம் குறைந்துவிட்டார்கள். அவர்களிடம் வேலை கற்க வரும் பையன்களும் அருகிவிட்டார்கள். எங்கள் கோபத்தின் பெரும்பங்கு இதிலிருந்து வருகிறது.

இப்போது இலக்கியத்துக்கு வருவோம். உ.வே.சாமிநாதையர் பத்துப்பாட்டு ஏடு தேடி எங்கள் தாமிரபரணிக் கரையின் ஆழ்வார்திருநகரிக்கு வந்தது தமிழ் படித்தவர்கள் அறிந்த செய்தி. குறிஞ்சிப்பாட்டில் மலர்களின் பெயர்கள் அடுக்கி வரும் இடத்தில் ஏட்டில் சில விடுபட்டிருந்தன. அவரது புலமைக்கு அந்த இடத்தில் யாப்பு வழுவாமல் நாலு பூவின் பெயரை எழுதிச் சேர்ப்பது எம்மாத்திரம்? அவர் சேர்க்கவில்லை. தேடினார். தருமபுரம் ஆதீனத்து ஏட்டில் அவை கிடைத்தன. 'உதிர்ந்த மலர்கள்' என்று பின்னாளில் அதைக் கட்டுரையாகவும் எழுதினார். பாடபேதம் என்றால் அடிக்குறிப்பில் காட்டு, கிடைக்கவில்லை என்றால் புள்ளியிட்டு இடத்தை விடு, சொந்தச் சரக்கை மூலத்தில் கலக்காதே என்ற பதிப்பு ஒழுக்கத்தை வகுப்பில் ஆண்டுதோறும் நடத்துகிறோம். வண்டிப் பட்டறைக்கு மட்டும் அது ஏன் பொருந்தாது? பழைய பெயிண்டின் நிறம், கம்பெனி இட்ட திருகு, டாங்கின் ஓரத்துக் கோடு எல்லாம் பாடம்தான். அவற்றைச் சுரண்டி எறிந்துவிட்டுத் தம் விருப்பத்தைப் பூசுகிறவர் இடைச்செருகல்காரர். இதில் கள்ள ஏடுகளும் உண்டு. தொடக்ககால வண்டிகளின் ஜப்பான் பாகங்களுக்கு ஆர்வலரிடையே மதிப்பு அதிகம். அதனால் நேற்று வார்த்த போலிப் பாகத்தில் 'மேட் இன் ஜப்பான்' என்று கொத்தி விற்கிறார்கள். எங்கள் கைக்கே அப்படி இரண்டு வந்திருக்கின்றன.

இலக்கிய நண்பர்கள் சிலர் இதையெல்லாம் 'வயசுக் கோளாறு' என்று சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். பனையேறியின் கருவிகளைப் பற்றிக் கட்டுரை வந்தால் பண்பாட்டு ஆய்வு என்று பாராட்டுகிற அதே நண்பர்கள், பட்டறைக்காரரின் அறிவைப் பற்றிப் பேசினால் மட்டும் முகம் சுளிப்பது ஏன் என்று கேட்டு வைக்கிறோம்.

'பாகம் கிடைக்காதபோது வேறென்ன செய்வது?' என்பதே மீட்பர்களின் வலுவான வாதம். நியாயமான கேள்வி. ஜப்பானில் மஸ்டா 2017இல் முதல் தலைமுறை ரோட்ஸ்டருக்குப் புனரமைப்புச் சேவை தொடங்கி, பழைய பாகங்களை மறுபடி வார்த்துத் தந்தது. டொயோட்டா 2020இல் பழைய சுப்ராவுக்கும் 2000 ஜி.டி.க்கும் அதுபோல் செய்ய முன்வந்தது. இங்கே அந்த வேலையைச் செய்துகொண்டிருப்பவர்கள் லேத் பட்டறைக்காரர்கள். ஆயில் சீலின் உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் மூன்றும் பெரும்பாலும் அதன் மேலேயே அச்சிடப்பட்டிருக்கும். பேரிங்கின் எண்ணும் அப்படியே. திருநெல்வேலிக் கடைவீதியில் அந்த எண்ணைச் சொன்னால் எடுத்துத் தருவார்கள். கிடைக்கிற பாகத்தைத் தேடாமல் கிடைக்காததைச் சாக்காகச் சொல்வது சோம்பல். உண்மையில் கிடைக்காததற்கு மாற்று போடுவதில் எங்களுக்குத் தடையில்லை. போட்டதைச் சொல்லுங்கள் என்கிறோம். சட்டமும் ஏறக்குறைய அதைத்தான் சொல்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தயாரிப்பாளர் குறிப்புக்கு மாறான மாற்றங்களைத் தடுக்கிறது. 2019இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. 2021இல் வந்த பழம்பெரும் வாகன விதியோ ஐம்பது ஆண்டு கடந்தவற்றுக்கே பொருந்தும். முதல் ஆர்.எக்ஸ். 100 அந்த மரியாதையைப் பெற 2035 வரை காத்திருக்க வேண்டும்.

அதுவரை அது தாங்க வேண்டுமே. எங்கள் ஊருக்கு இடிந்தகரை, கூடங்குளம் பக்கமிருந்து உப்புக்காற்று வருகிறது. திசையன்விளைப் பக்கத்துத் தேரியிலிருந்து செம்மண் வருகிறது. மண் ஏர் ஃபில்டரை அடைக்கும்; உப்பு வெளியிலிருந்து தின்னும். போதாக்குறைக்கு, 2023இல் தொடங்கி இருபது சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் எங்கும் வந்துவிட்டது. எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரைக் கெடுக்கும், பழைய ஜெட் அளவுக்குக் கலவையைச் சற்று மெலிதாக்கிப் பிஸ்டனைச் சூடேற்றும். ஆகவே வாரக்கணக்கில் வண்டியை எடுக்காதவர்கள் குழாயை மூடி, கார்புரேட்டர் கிண்ணத்துப் பெட்ரோலை வடித்துவிட வேண்டும். பெட்ரோல் குழாயை ஆண்டுக்கொருமுறை மாற்றவேண்டும். பிளக் வெளுத்தால் ஓர் அளவு பெரிய ஜெட் போட்டுப் பார்க்க வேண்டும். ஆயில் பம்பைக் கழற்றி எறிந்துவிட்டுப் பெட்ரோலில் கையால் ஆயில் கலப்பதை விட்டுவிட வேண்டும். வேகத்துக்கேற்ப அளந்து ஊற்றும் பம்பின் வேலையை எந்தக் கையும் செய்யாது.

மீட்பர்களிடம் ஒரு கோரிக்கை. எதைக் கழற்றினீர்கள், எதைப் போட்டீர்கள் என்று ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வண்டியோடு கொடுங்கள். கழற்றியவற்றைச் சாக்கில் கட்டி உரிமையாளரிடம் ஒப்படையுங்கள். அவருக்கு வேண்டாம் என்றால் இரும்புக் கடைக்குப் போகுமுன் எங்களுக்குத் தகவல் சொல்லுங்கள். இரும்பு விலைக்கு மேல் கிலோவுக்குப் பத்து ரூபாய் சேர்த்துத் தருகிறோம்.