உழைப்போன் கொடுக்கும் வட்டியில்லாக் கடன்

உழைத்தவன் கூலி கேட்டு வாசலில் நிற்பதும், உழைப்பைப் பெற்றவன் "நாளை வா" என்பதும் பழைய கதை. வயலிலும் தோட்டத்திலும் துறைமுகத்திலும் அக்கதையைக் கண்டு வெகுண்ட கல்வியுலகம், அதே கதை பட்டதாரியின் எழுத்து மேசையில் நிகழும்போது அதற்கு 'அலுவலகத் தாமதம்' என்று பெயர் சூட்டி அமைதி கொள்கின்றது. மொழிபெயர்ப்பாளர், நூல் வடிவமைப்பாளர், படவரைஞர், கணக்காளர், மென்பொருள் எழுதுவோர் எனப் பல்கலைக்கழகத்தை விட்டு வெளியேறுவோரிற் பலர் இன்று எவரிடமும் மாதச் சம்பளத்துக்கு அமராது சுயாதீன ஒப்பந்தகாரராகத் தொழில் தொடங்குகின்றனர். வேலையைக் குறித்த நாளில் ஒப்படைத்துக் கட்டணச் சிட்டையை அனுப்பியதும் அவர்கள் கேட்கும் முதல் விடைகள் இவை: கோவை கணக்குப் பகுதிக்குப் போயிருக்கிறது, ஒப்பமிட வேண்டியவர் விடுமுறையில் இருக்கிறார், அடுத்த மாதம் பார்ப்போம்.

இத்தாமதத்தின் பொருளாதாரத் தன்மை யாது? வேலை பெறப்பட்டுவிட்டது, பயன் நுகரப்பட்டுவிட்டது, விலை மட்டும் கொடுக்கப்படவில்லை. ஆகவே அது கடன். வங்கியிற் பெறும் கடனுக்கு வட்டியுண்டு, பிணையுண்டு, தவணையுண்டு. இக்கடனுக்கோ இவற்றுள் ஒன்றுமில்லை. 120,000 ரூபா பெறவேண்டிய ஒருவர் அது வரும்வரை வீட்டு நகையை ஆண்டுக்கு 24 வீத வட்டிக்கு அடகு வைக்கிறார் என்று கொள்வோம். மூன்று மாதத் தாமதம் அவருக்கு 7,200 ரூபாவை இழப்பிக்கின்றது. அத்தொகை மறைந்துவிடவில்லை, கடன் வாங்காமலே கடனை அனுபவித்த நிறுவனத்தின் கணக்கில் அது சேமிப்பாய் நிற்கின்றது. 2022 செப்ரெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி ஆண்டுப் பணவீக்கம் ஏறத்தாழ 70 வீதத்தை எட்டியதை எவரும் மறந்திருக்க முடியாது. அக்காலத்தில் ஆறு மாதம் கழித்துக் கைக்கு வந்த தொகை சிட்டையில் எழுதப்பட்ட அதே தொகைதான். ஆனால் அது வாங்கிய அரிசி அதே அரிசியன்று.

இதற்குச் சொல்லப்படும் நியாயங்கள் மூன்று. தமக்கு வரவேண்டிய பணம் வராமையாற் கொடுக்க முடியவில்லை என்பது முதலாவது. மின்சாரக் கட்டணத்துக்கும் கட்டட வாடகைக்கும் இந்த நியாயத்தை எந்த நிறுவனமாவது கூறுகின்றதா? மின்சாரம் துண்டிக்கப்படும், கட்டடம் பறிபோகும் என்பதால் அங்கே பணம் போகின்றது. இளம் ஒப்பந்தகாரர் எதையும் துண்டிக்க மாட்டார் என்பதால் இங்கே நிற்கின்றது. எனவே பணத்தின் பற்றாக்குறையன்று, அச்சத்தின் பற்றாக்குறையே காரணம். நடைமுறை விதிகள் என்பது இரண்டாவது. வேலையை வாங்கும்போது ஒரே இரவில் நெகிழும் விதிகள், விலையைக் கொடுக்கும்போது மட்டும் கல்லாய் இறுகுவது விதியின் குணமன்று. விதியைக் கையாள்வோரின் குணம். தொழிலுக்குப் புதியவர் பொறுத்துப் போனாற்றான் பெயரும் தொடர்பும் வளரும் என்பது மூன்றாவது. மூன்றினுள்ளும் தீயது இதுவே. பொறுத்துப் போகும் புதியவர் ஈட்டும் பெயர் 'பொறுத்துப் போகக்கூடியவர்' என்பதுதான். அடுத்த முறையும் அவருடைய சிட்டையே அடுக்கின் அடியில் வைக்கப்படும்.

சட்டம் இவ்விடயத்தில் எவர் பக்கம் நிற்கின்றது என்பதும் நோக்கற்பாலது. பிறருக்குக் கீழ்ப்பட்டுச் சேவை செய்பவனையும், ஒரு குறித்த வேலையை முடித்துக் கொடுக்க ஒப்புக்கொள்பவனையும் உரோமச் சட்டமே வேறுபடுத்தியது. அப்பிரிவு இன்றும் வாழ்கின்றது. 1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டத்தின்கீழ்ப் பங்களிப்பைத் தாமதிக்கும் தொழில்தருநர், தாமதத்தின் அளவுக்கேற்ப 5 முதல் 50 வீதம் வரை மேலதிகத் தொகை செலுத்த வேண்டும். தாமதத்துக்கு ஒரு விலை உண்டென்பதை எமது சட்டம் அறிந்தேயிருக்கின்றது. ஆனால் அந்த அறிவு ஊழியர் என்ற சொல்லோடு நின்றுவிடுகின்றது. 1990 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடன் அறவிடல் (விசேட ஏற்பாடுகள்) சட்டம் வங்கி முதலிய கடன்வழங்கு நிறுவனங்களுக்கு விரைவான வழியொன்றைத் திறந்தது. அங்கே கடன்பட்டவர் நீதிமன்றின் அனுமதி பெற்றே எதிர்வாதம் செய்யலாம். பணத்தைக் கடனாகக் கொடுத்தவருக்குத் திறந்த அக்கதவு, உழைப்பைக் கடனாகக் கொடுத்தவருக்குத் திறக்கவில்லை. வழக்குத் தொடுப்பதற்குக் காலவரையறை விதிக்கும் 1871 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டமோ, எழுத்திலமைந்த ஒப்பந்தத்துக்கு ஆறு ஆண்டுகளையும், எழுத்தில்லா ஒப்பந்தத்துக்கு மூன்று ஆண்டுகளையும் வழங்கிவிட்டு, செய்த வேலைக்கும் உழைப்புக்குமான கடனுக்கு ஓராண்டையே வழங்குகின்றது. வாய்ச்சொல்லை நம்பி "அடுத்த மாதம்" என்பதைப் பன்னிரண்டு முறை கேட்டு முடிப்பவர், பதின்மூன்றாம் முறை நீதிமன்றம் செல்லும்போது காலம் கடந்துவிட்டது என்ற விடையைக் கேட்க நேரலாம்.

வேறு நாடுகள் இதனைத் தீராத நோயென்று விட்டுவிடவில்லை. பிரித்தானியாவின் 1998 ஆம் ஆண்டுச் சட்டம், காலந்தாழ்த்திய வர்த்தகக் கடனுக்கு இங்கிலாந்து வங்கியின் அடிப்படை வீதத்தின் மேல் 8 வீத வட்டியை உரிமையாக்கியது. இந்தியாவின் 2006 ஆம் ஆண்டுச் சிறுதொழிற் சட்டம், பதிவுபெற்ற சிறு நிறுவனங்களுக்கான கொடுப்பனவுக்கு 45 நாளை உச்ச எல்லையாக்கி, அதனைக் கடந்தால் மத்திய வங்கி வீதத்தின் மும்மடங்கிற் கூட்டுவட்டி விதித்தது. நியூயோர்க் நகரம் 2017 இல் நடைமுறைப்படுத்திய சட்டமோ சுயாதீன வேலையாளரையே நேரடியாகக் கருதியது: 800 டொலரும் அதற்கு மேலுமான வேலைக்கு எழுத்து ஒப்பந்தம் கட்டாயம், நாள் குறிக்கப்படாவிடின் வேலை முடிந்து 30 நாளுள் பணம் கொடுபட வேண்டும், தவறினால் இருமடங்கு கோரலாம். இத்தகைய ஏற்பாடுகளால் தாமதம் அங்கெல்லாம் ஒழிந்துவிட்டதென்று கூறுவதற்கில்லை. ஆயினும் அங்கே பணம் கேட்பவர் தயவு கேட்பவரல்லர், உரிமை கேட்பவர்.

குற்றம் முழுவதையும் நிறுவனத்தின் மீதும் சட்டத்தின் மீதும் சுமத்திவிட்டுப் புதிய ஒப்பந்தகாரர் கைகழுவவும் முடியாது. ஒப்பந்தம் எழுதுவதை அவநம்பிக்கையென்றும், முற்பணம் கேட்பதை அற்பத்தனமென்றும், நினைவூட்டுவதை மரியாதைக் குறைவென்றும் கருதும் மனப்பான்மை அவருள் ஊறியிருக்கின்றது. கூச்சம் பண்பாடன்று. வேலை தொடங்குமுன் தொகையும் கொடுக்கும் நாளும் தாமதத்துக்கான வட்டியும் எழுத்தில் வரவேண்டும். ஒரு பகுதியை முற்பணமாகப் பெறவேண்டும். பெரிய வேலையைக் கட்டங்களாகப் பிரித்து, ஒரு கட்டத்தின் பணம் வந்தபின்பே அடுத்ததைத் தொடங்கவேண்டும். சிட்டை, வேலை ஒப்படைக்கும் அன்றே, அதனை ஏற்கும் அதிகாரமுடையவரின் பெயருக்குப் போகவேண்டும். குறித்த நாள் கடந்த மறுநாளே எழுத்தில் நினைவூட்டல் செல்லவேண்டும். அதற்கும் அசையாதவருக்குப் புதிய வேலை செய்யலாகாது. ஓராண்டு கழியுமுன் சட்டத்தரணியின் கடிதம் போகவேண்டும். தனியொருவர் இவற்றைக் கேட்டால் வேலை இன்னொருவரிடம் போய்விடும் என்ற அச்சம் நியாயமானதே. அதற்கு மருந்து மௌனமன்று. ஒரே துறையினர் ஒன்றுகூடி ஒரே நிபந்தனையை முன்வைப்பது. தொழிற்சங்கம் என்ற சொல்லை ஆலை வாயிலோடு நிறுத்திவிட வேண்டுமென்று எவரும் விதிக்கவில்லை.

பல்கலைக்கழகங்களுக்கும் இதிலே பங்குண்டு. ஒப்பந்தச் சட்டத்தை ஒரு பீடமும் கணக்கியலை இன்னொரு பீடமும் கற்பிக்கின்றன. தனது உழைப்புக்கு ஒரு சிட்டை எழுதி அதன் பணத்தைப் பெறும் வகையை எப்பீடமும் கற்பிப்பதில்லை. அதனினும் கசப்பானது ஒன்றுண்டு. உழைப்பின் மாண்பைப் பற்றிக் கருத்தரங்கு கூட்டும் சங்கம், அக்கருத்தரங்குக்கு ஒலிபெருக்கி கட்டியவரை இரண்டு மாதம் அலைய வைப்பது வளாகங்களில் அறியாத காட்சியன்று. சுரண்டலைக் கண்டிக்கும் கட்டுரையே அச்சகத்துக்குக் கடன் வைத்து வெளிவருமாயின், அக்கட்டுரையின் முதற் பிரதிவாதி அதனை வெளியிட்டோரே.

கூலியைத் தாமதிப்பதை விவிலிய மரபும் இஸ்லாமிய மரபும் வெறும் ஒழுங்கீனமாகக் கொள்ளவில்லை. உழைத்தவனுக்கு இழைக்கும் அநீதியாகவே கண்டித்தன. நாட்கூலிக்காரனின் பசிக்குக் காட்டப்பட்ட அக்கரிசனை, மேசையிலிருந்து உழைப்பவனின் பசிக்கும் உரியதே. காலத்திற் கொடாத கூலி பாதி மறுக்கப்பட்ட கூலி. அதனைக் கேட்பவர் வெட்கப்பட வேண்டியதில்லை. கேட்கும்வரை கொடாதிருப்பவரே வெட்கப்பட வேண்டும்.