விளக்கைச் செய்தவரையும் நினைப்போம்

அழகிய பொருள் ஒன்றைக் கண்டவுடன், "என்ன விலை?" என்று கேட்கிறோம். "யாருடையது?" என்றும் கேட்கிறோம். "இதைச் செய்தவர் யார்? அவர் எப்படி வாழ்ந்தார்?" என்று கேட்பவர் நம்மில் எத்தனை பேர்? பிரெஞ்சு நாட்டுப் பழைய பீங்கான் விளக்குகளின் வண்ணப் படங்களைப் பார்த்தபோது இந்தக் கேள்விதான் எங்கள் மனத்தில் எழுந்தது.

அவ்விளக்குகளின் அழகை என்னென்பது! நீலமும் இளஞ்சிவப்புமாய் மின்னும் பீங்கான் உடல். அதைத் தாங்கி நிற்கும் பொன் முலாம் பூசிய வெண்கலப் பாதம். இலையும் கொடியுமாய் வளைந்த கிளைகள். முதலில் அவற்றில் மெழுகுவர்த்திகள் எரிந்தன. பின்னர் எண்ணெய்த் திரிகள் எரிந்தன. பிற்காலத்தில் பழைய பீங்கான் சாடிகள் பலவும் மின்விளக்குகளாயின.

பாரீஸ் நகருக்கு அருகே வான்சேன் என்னுமிடத்தில் 1740இல் தொடங்கிய பீங்கான் ஆலை, 1756இல் செவ்ர் என்ற ஊருக்கு மாறியது. 1759இல் அது பதினைந்தாம் லூயி மன்னருக்கே சொந்தமாயிற்று. வான்சேனில் இருந்த நாட்களில், பீங்கான் மலர்களை இதழ் இதழாகக் கையால் செய்தவர்கள் பெண்கள். அம்மலர்கள் பொன்முலாம் பூசிய தண்டுகளில் பூத்து, அரண்மனைகளுக்குச் சென்றன. வாங்கியவர்களின் பெயர்களை வரலாறு சொல்கிறது. மலர் செய்த பெண்களில் பெரும்பாலோர் பெயரைச் சொல்லவில்லை.

முலாம் பூசியவர்களின் நிலையோ இன்னும் கொடியது. பொன்னைப் பாதரசத்தில் கரைத்து, வெண்ணெய் போன்ற கலவையாக்கி, வெண்கலத்தின் மேல் பூசுவார்கள். பிறகு நெருப்பில் காட்டுவார்கள். பாதரசம் ஆவியாகிப் போகும், பொன் ஒட்டிக்கொள்ளும். ஆனால் அந்த ஆவி எங்கே போயிற்று? அடுப்பருகே நின்ற தொழிலாளியின் நெஞ்சுக்குள் போயிற்று. கைகள் நடுங்கின, உடல் தளர்ந்தது, பலர் இளமையிலேயே மாண்டனர். மாளிகைக்கு ஒளி தந்தவன் தன் வாழ்வையே இருட்டாக்கிக்கொண்டான்.

இதைக் கண்டு மனம் பொறாத முதலாளி ஒருவரும் இருந்தார். அவர் பெயர் ராவ்ரியோ. நெப்போலியனின் அரண்மனைகளுக்கு வெண்கலப் பொருட்கள் செய்து கொடுத்தவர். 1814இல் இறந்த அவர், முலாம் பூசுவோரைப் பாதரச நஞ்சிலிருந்து காக்க வழி காண்பவருக்கு 3,000 பிராங்கு பரிசளிக்கும்படி உயில் எழுதி வைத்தார். நச்சு ஆவியைப் புகைபோக்கி வழியே மேலே இழுத்துச் செல்லும் அடுப்பை அமைத்துக் காட்டிய தார்சே என்ற வேதியியல் அறிஞர் 1818இல் அப்பரிசைப் பெற்றார். பின்னர் 1840களில் மின்சாரத்தால் முலாம் பூசும் முறை பரவத் தொடங்கியது.

அப்படியானால் அவ்விளக்குகளை வெறுத்து ஒதுக்க வேண்டுமா? வேண்டாம். ஒதுக்கிவிட்டால், உயிர் கொடுத்துச் செய்தவரின் திறமையையும் சேர்த்து மறந்தவர்களாவோம். அழகைப் போற்றுவோம், அதன் பின்னே நின்ற கைகளையும் போற்றுவோம் என்பதே எங்கள் கருத்து.

இது பழங்கதை என்று எண்ணிவிட வேண்டாம். பாதரசத்தைக் கட்டுப்படுத்த உலக நாடுகள் 2013இல் மினமாட்டா உடன்படிக்கையை ஏற்றுக்கொண்டன. ஆயினும் இன்றும் பல நாடுகளில் சிறு சுரங்கங்களில் உழைக்கும் ஏழைகள் பாதரசத்தைக் கொண்டே பொன்னைப் பிரித்தெடுத்து, அதே நச்சு ஆவியைச் சுவாசிக்கிறார்கள். அவர்களிடையே தாய்மாரும் சிறுவர் சிறுமியரும் உண்டு. பொன் நகையை விரும்பும் நமக்கு இதில் பங்கில்லை என்று சொல்ல முடியுமா?

ஆகவே தோழியரே, விலையைக் கேட்கும் முன், செய்தவரைப் பற்றிக் கேட்போம். ராவ்ரியோ அந்த அக்கறையைத் தம் உயிலில் எழுதி வைத்தார். நாம் உயில் எழுதும் வயது வரை காத்திருக்க வேண்டியதில்லை, இன்றே தொடங்கலாம்.