கிட்னி மாத்தியாச்சு, அப்புறம்?

1/ உறுப்பு தானம் செஞ்சவங்க உடலுக்கு 2023 செப்டம்பர்ல இருந்து அரசு மரியாதை. தமிழ்நாட்டுக்குப் பெருமை. ஆனா அவங்க கொடுத்த கிட்னியைக் காப்பாத்த நாம என்ன செய்றோம்?

2/ சைட்டோமெகலோ வைரஸ், சுருக்கமா சிஎம்வி. நம்மில் பெரும்பாலானோர் உடம்புல சின்ன வயசுலயே புகுந்து தூங்கிட்டு இருக்கும். கிட்னி மாத்தினவங்க டாக்ரோலிமஸ் மாதிரி எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மாத்திரை சாப்பிட்டே ஆகணும். அப்போ அது முழிச்சுக்கும்.

3/ காய்ச்சல், பேதி, வெள்ளணு குறைவு. கவனிக்காம விட்டா நுரையீரல், கல்லீரல், குடல் வரை போகும். மாத்தின கிட்னியை உடம்பு நிராகரிக்கவும் அது வழி திறக்கும்.

4/ தடுக்க வால்கான்சிக்ளோவிர் மாத்திரை இருக்கு. கொடுத்தவருக்கு வைரஸ் இருந்து வாங்கினவருக்கு இல்லைன்னா ஆபத்து அதிகம். அப்படிப்பட்டவங்களை வெச்சு 2010-ல வந்த ஆய்வு: 100 நாள் கொடுத்தப்போ ஒரு வருஷத்துல 36.8% பேருக்கு நோய். 200 நாள் கொடுத்தப்போ 16.1%.

5/ இளையரசனேந்தல்காரர் கோவில்பட்டிக்கு ஒரு பஸ், திருநெல்வேலிக்கு இன்னொரு பஸ் ஏறணும். அன்னைக்குக் கூலி போச்சு. "மாத்திரையை விட்டுட்டான்"னு அவரைத் திட்டுறது ரொம்ப சுலபம்.

6/ பிபி, சுகர் மாத்திரையை 2021-ல இருந்து 'மக்களைத் தேடி மருத்துவம்' வீட்டுக்கே கொண்டு போகுதே! இந்த மாத்திரையும் போகட்டும். தாலுகா ஆஸ்பத்திரியிலயே ரத்தம் எடுத்து பிசிஆர் டெஸ்டுக்கு அனுப்பட்டும். ஆபரேஷன் முடிஞ்சா வேலை முடிஞ்சுதுன்னு நினைக்கிறது அநியாயம்.

7/ கிட்னி மாத்தினவங்களே, காய்ச்சல்னா பக்கத்துல ஒரு ஊசின்னு போகாதீங்க. அது டைக்ளோஃபினாக்கா இருந்தா கிட்னிக்கு இன்னொரு அடி. எந்த டாக்டர்கிட்டயும் முதல்ல "எனக்கு கிட்னி மாத்தியிருக்கு"ன்னு சொல்லுங்க. மாத்திரையை நீங்களா நிறுத்தாதீங்க.