100-க்கு 60

ராக்கெட் சீறிக் கிளம்புவதைப் பார்க்க ஊரே கூடும். எனக்குப் பிடித்தது அதற்குப் பிறகு நடக்கும் செய்தியாளர் சந்திப்புதான். அதற்கு ஜப்பானியர்களை அடித்துக்கொள்ள ஆளில்லை.

2024 ஜனவரி 19, நம் நேரப்படி இரவு 8.50. ஜப்பானின் ஸ்லிம் கலம் நிலவில் இறங்கியது. சூரியத் தகடுகள் மின்சாரம் தரவில்லை என்பதை அன்றே சொல்லிவிட்டு, 100-க்கு 60 என்று தங்களுக்கே மதிப்பெண் போட்டார் அந்நாட்டு விண்வெளி அமைப்பான ஜாக்ஸாவின் ஹிதோஷி குனினாகா. ஜஸ்ட் பாஸ்!

சில நாளில் படம் வந்தது. சுமார் 50 மீட்டர் உயரத்தில் இரு எஞ்சின்களில் ஒன்றின் கூம்பு கழன்றுவிட, கலம் மூக்குக்குப்புற நின்றுகொண்டிருந்தது. ஆனாலும் இலக்கிலிருந்து விலகியது ஏறக்குறைய 55 மீட்டர்தான். படமெடுத்தது எட்டு சென்டிமீட்டர் உருண்டை ரோபோ. அதை உருவாக்கியதில் டக்காரா டோமி என்ற பொம்மை கம்பெனிக்கும் பங்குண்டு. கவிழ்ந்த கோலத்தை ஒளிக்காமல் உலகத்துக்கே காட்டினார்கள்.

2019-இல் நம் விக்ரம் லேண்டர் நிலவில் விழுந்தபோது முழு ஆய்வறிக்கைக்குக் காத்திருந்ததுதான் மிச்சம். இரு நாடுகளும் கைகோக்கும் சந்திரயான்-5 நிலவுத் திட்டத்தில் லேண்டர் நம்முடையது, ரோவர் ஜப்பானுடையது. இறங்கும் அன்றே இஸ்ரோவும் மதிப்பெண்ணைச் சொல்லிவிட வேண்டும், 60 ஆனாலும் சரி, 35 ஆனாலும் சரி.